ஆறு தாளில் ஒரே வாக்குமூலம்

என் மகள் பவானி பெங்களூரில் விளையாட்டு செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். பந்து, மட்டை இல்லை, கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடுகிற விளையாட்டு. அதில் வருகிற ஆட்களுக்குச் சட்டை, பெல்ட், பூட்ஸ் எல்லாம் வரைந்து கொடுப்பது அவள் வேலை. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். நான் தைத்த ஷூவை நான் ஒரு நாளும் காலில் போட்டதில்லை, நீ வரைகிற ஷூவை யாருமே போட முடியாது, நம் குடும்பத்துக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

போன மாதம் நாலு நாள் லீவில் வந்தவள் சிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் கம்பெனித் தலைவரைப் பற்றி இன்டர்நெட்டில் ஒரு செய்தி வந்துவிட்டதாம். மீட்டிங்கில் எல்லார் எதிரிலும் ஆட்களை அவமானப்படுத்துகிறார், கத்துகிறார், அழ வைக்கிறார் என்று. செய்தி வந்த நாளிலிருந்து அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்கிற குழுவில் வேறு பேச்சே இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் எழுதுகிறார்கள். செய்யாதவர்கள் அதைவிட ஜாஸ்தி எழுதுகிறார்கள். லேப்டாப்பைத் தூக்கி எறிந்தார் என்று ஒருவர். ஒரு பெண் மேல் எறிந்தார் என்று அடுத்தவர். அந்தப் பெண்ணுக்குத் தலையில் தையல் போட்டார்கள் என்று மூன்றாமவர். இன்னொரு பக்கம் அவருக்கு வேண்டியவர்கள், வேலை தெரியாதவர்கள்தான் புகார் சொல்வார்கள் என்று எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பவானியுடன் வேலை செய்கிற பெண் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "நாங்க எழுதி வெச்சிருக்கோம்டி. நீ ஒண்ணும் யோசிக்க வேணாம், அதையே காப்பி பண்ணி உன் பேர்ல போட்டுடு. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாதான் நம்புவாங்க."

கீரை கையிலேயே நின்றுவிட்டது. இந்தப் பேச்சை நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதில் வேலைக்குப் போனேன். முதல் இரண்டு வருஷம் பசை தடவும் மேசை. பிறகு மெஷின். பிறகு நாற்பது பெண்கள் உட்காரும் ஒரு லைனுக்கு லீடர். எங்கள் பிரிவில் ஷூவின் மேல் பாகத்தை மட்டும் தைப்போம், அதை அப்பர் என்போம். அடிப்பாகம் சேர்ப்பது வேறு கட்டிடம். இதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ், செவ்வாய்க்கிழமை விரதம், கிருத்திகைக்கு முடிந்தால் வள்ளிமலை. அப்படியே போய்விட்டது.

சொல்ல வேண்டியது ஆடிட்டைப் பற்றி. வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க. அவர்கள் வருகிற வாரம் முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பிவிடும். பசை மேசைக்குப் புது மாஸ்க் வரும். பாத்ரூமில் சோப்பு இருக்கும். வருகிறவர்கள் நாலைந்து பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும். மெஷின் ஓடுவதற்கு முன் அதை நான் உரக்கப் படிப்பேன், நாற்பது பேரும் திருப்பிச் சொல்வார்கள். எட்டு மணி நேரம் வேலை. யாரும் திட்டுவதில்லை. குறை இருந்தால் பெட்டியில் எழுதிப் போடலாம். ஸ்கூல் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல இருக்கும். யாராவது வார்த்தையை மாற்றிச் சொன்னால் நான் விடமாட்டேன். "உன் இஷ்டத்துக்குச் சொல்லாத, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். மாத்திச் சொன்னா நம்பமாட்டாங்க" என்பேன். பல வருஷம் இப்படிச் சொல்லி இருக்கிறேன்.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராக ஒருவர் இருந்தார். எல்லாரும் பி.எம். சார் என்போம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவரைக் கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட எனக்கு மனசு வராது. தோலைக் கட்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்து எந்த இடத்தில் தையல் பிரியும் என்று சொல்லிவிடுவார். ஒரு பெண் மெஷினிலேயே மயங்கி விழுந்தபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று நினைவில் வைத்துக் கேட்பார். "பவானி மேத்ஸ்ல எப்டிம்மா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் டார்கெட் போர்டைப் பார்ப்பார். எண்ணிக்கை குறைந்திருந்தால் அவர் நடையே மாறிவிடும். கத்தவே மாட்டார். கோணலாகத் தைத்த அப்பரை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடிப்பார், லைன் முழுக்க அதைப் பார்க்கும் வரை பிடித்திருப்பார். பிறகு மெதுவாக, "இது யார் புள்ள?" என்பார். தைத்தவள் எழுந்து நிற்க வேண்டும். ஜோடி அப்பரையும் ஒரு லேஸில் கோத்து அவள் கழுத்தில் மாட்டுவார். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அவள் அப்படியே உட்கார்ந்து தைக்க வேண்டும். அவருக்கு அது விளையாட்டு. முதல் தடவை செய்தபோது லைனில் எல்லாரும் சிரித்தோம். மாட்டிக்கொண்டவளும் சிரித்தாள். செருப்பைக் கழுத்தில் போட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சிரித்தோம். அது வேறு ஒருத்தியின் கழுத்து.

மஞ்சுளா பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை சுத்தமாக இருக்கும். ஒரு நாள் அவள் மெஷினில் ஊசி மாற்றாமல் ஓட்டிவிட்டாள், நாலு ஜோடி வீணானது. அன்றைக்கு அவள் கழுத்து. அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டிடத்திலிருந்து டிராலி தள்ளிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள், அதில் ஒருவன் அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன். அவன் பார்த்தான். அவள் அவன் பார்த்ததைப் பார்த்தாள். தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் அப்பரைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே போய் கேட்டில் நின்றாள்.

அன்று மாலை பஸ்ஸில் கதை கிளம்பியது. ஆம்பூரில் ஏறும்போது கழுத்தில் மாட்டினார் என்று ஏறியது, பேரணாம்பட்டில் இறங்கும்போது செருப்பால் அடித்தார் என்று இறங்கியது. வாணியம்பாடி பஸ்ஸில் போன கதையை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, அவள் சேலையைக்கூட அதில் விடவில்லை. மூன்றாம் நாள் மஞ்சுளா புருஷனோடு வந்து புகார் கொடுத்தாள். கேட்டில் கூட்டம் சேர்ந்தது. விசாரணை வைக்கிறோம் என்று ஆபீஸ் சொன்னது. வேலூரிலிருந்து ஒரு வயதான வக்கீலை நடுவில் உட்கார வரவழைத்தார்கள். பெண்களின் வாக்குமூலத்தை எழுத, கையெழுத்து நன்றாக இருக்கிறது, பெண்களும் கூச்சப்படாமல் பேசுவார்கள் என்று என்னைப் போட்டார்கள்.

கேன்டீன் பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். ஆறு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். தனித்தனியாகக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை, ஆறு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலில் நூர்ஜஹான். என்னோடு பசை மேசையில் வேலை பழகியவள், என் தோஸ்த். "பி.எம். சார் மஞ்சுளாவைச் செருப்பால் அடித்தார், நான் பார்த்தேன்" என்றாள், ஆடிட்டுக்குச் சொல்கிற அதே குரலில்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். "அடிச்சத நீ பாத்தியா நூரு?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "பஸ்ல பேசி இதான்னு வெச்சிக்கினோம் க்கா. கழுத்துல மாட்டுனாருன்னு சொன்னா இன்னா பண்ணுவாங்க? சிரிப்பாங்க. அடின்னு சொன்னாதான் கேப்பாங்க."

"இல்லாதத எப்டி எழுதறது?"

"நீதானே க்கா சொல்லிக் குடுத்த, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு. இப்ப நமக்குன்னு வரும்போது மாத்திப் பேசச் சொல்ற. சும்மா பேஜார் பண்ணாத, எழுது."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் சரியான முறை என்று நம்பினாள். எனக்கும் அந்த நேரத்தில் அது சரி என்றே பட்டது. மஞ்சுளாவுக்கு நடந்தது அநியாயம்தானே, நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்தவள் வந்தாள், "அவங்க சொன்னதேதான் க்கா" என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். ஆறு தாளிலும் ஒரே வரியை, என் அழகான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மஞ்சுளாவின் புகாரையும், செருப்பால் அடித்தார் என்று அவள் புருஷன் சொல்லச் சொல்ல அப்படியே ஆபீசில் எழுதியிருந்தார்கள். அவளை யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

விசாரணை அன்று வக்கீல் ஆறு தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரமே இல்லை. எல்லாம் முடித்து என்னைப் பார்த்தார். "இது ஆறு பேர் சொன்னதா, இல்ல ஒருத்தர் சொன்னத ஆறு தடவ எழுதுனீங்களாம்மா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் ஒவ்வொருத்தியையும் உள்ளே கூப்பிட்டு, எந்தக் கையால் அடித்தார், எங்கே பட்டது, நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார். ஒருத்தி வலது கை என்றாள், ஒருத்தி இடது என்றாள். ஒருத்தி முதுகு என்றாள், ஒருத்தி கன்னம் என்றாள். ஒருத்தி அழுதுவிட்டாள், கழுத்தில் மாட்டிய அன்றைக்கு அவள் லீவு. பி.எம். சார் எழுந்து, "நான் அந்தப் பொண்ண அடிக்கல சார், சாமி சத்தியமா அடிக்கல" என்றார்.  அது உண்மைதான். அந்த அறையில் அன்று அதுவரை சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுவாகப் போய்விட்டது.

தாள்களை அடுக்கும்போது மஞ்சுளா முதல் முறையாகப் பேசினாள். "கழுத்துல மாட்டி உக்கார வெச்சாரே சார். அத யாரும் கேக்கலியே."

வக்கீல் தாள்களை மறுபடி புரட்டினார். "அது இதுல எங்கயும் இல்லியேம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த லைன்லதானே இருந்தீங்க?"

"நான் எழுத வந்தவ சார்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. மஞ்சுளாவும் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருமா என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

புகார் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். மஞ்சுளா அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. பொய்ப் புகார் கொடுத்தவள் என்று அவள் புகுந்த வீட்டிலேயே பேச்சு. பீடி சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். பி.எம். சார் கழுத்தில் மாட்டுவதை விட்டுவிட்டார், எங்கள் குழந்தைகளைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார். அவர் கடைக்குப் போனால்கூட, பெண்பிள்ளையைச் செருப்பால் அடித்த ஆள் இவன்தான் என்று காதுபடச் சொன்னார்கள். அவர் செய்யாத தப்புக்குப் பேர் வாங்கினார், செய்த தப்பைக் கடைசி வரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் ஒரு தடவை, "சார், அது விளையாட்டு இல்லை" என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாரோ? தெரியாது. சொல்லிப் பார்க்காத எனக்கு அதைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை எங்கள் குறை கேட்கும் குழுவில் நான்தான் எழுதினேன். ஒவ்வொருத்தியாகத்தான் கூப்பிட்டேன். கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, கேட்டது யாரிடம் என்று பிரித்துக் கேட்டேன். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே எழுதினேன், "இன்னா சார் இப்டி பேசறீங்கன்னு கேட்டேன்" என்றால் அதையே எழுதினேன். புகார் யார் மேலோ அவரையும் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்டோம். சிலருக்கு நியாயம் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. ஆபீஸுக்கு வேண்டாதது எப்படி எழுதினாலும் வேண்டாததுதான். ஆனால் நாங்கள் கொடுத்த தாளை யாரும் பொய் என்று தள்ளவில்லை. சலிப்பாக இருக்கிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் இருக்கிறது.

முருகனிடம் இதை எத்தனை கிருத்திகைக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. திருநீறு பூசிக்கொண்டு படி இறங்குவேன். பாதிப் படியில் மஞ்சுளா பார்த்த பார்வை வந்துவிடும்.

இதையெல்லாம் பவானியிடம் அன்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒன்று கேட்டாள். "ம்மா, அவரு மாட்டும்போது நீ எங்க நின்னுட்டு இருந்த?"

யாரும் கேட்காத கேள்வி. கீரையைக் கழுவ எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை, பின்னாலேயே வந்து அடுப்படியில் நின்றாள். சொன்னேன்.  உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலையில் வந்து, தான் எழுதியதைப் படித்துக் காட்டினாள். தோழி அனுப்பியது அதில் இல்லை. "மீட்டிங்கில் ஒரு பெண் வரைந்ததைப் பெரிய திரையில் போட்டு, தலைவர் எல்லாரையும் சிரிக்க வைத்தார், அந்தப் பெண் எழுந்து போனாள், இதை நான் பார்த்தேன். லேப்டாப் எறிந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அன்று நானும் சிரித்தேன்." கீழே அவள் பேர்.

"வேல போய்டுமாடி?" என்று கேட்டேன்.

"போலாம்" என்றாள். போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தோழியே, அவன் உனக்கு எவ்ளோ குடுத்தான் என்று எழுதியிருந்தாள். தலைவருக்கு வேண்டியவர்கள் நன்றி கெட்டவள் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினாள். வேலை இன்று வரை இருக்கிறது, நாளைக்குத் தெரியாது. அந்த ஆறு தாளோடு என் சாட்சியாக ஏழாவது தாளை அன்று நான் எழுதவில்லை. என் மகள் அவளுடையதை எழுதிவிட்டாள். அவள் போன மறுநாள் உட்கார்ந்து என்னுடையதை எழுதினேன்.

"நான் அந்த லைனின் லீடர். பி.எம். சார் மஞ்சுளாவை அடிக்கவில்லை, சேலையைத் தொடவில்லை. வீணான ஜோடி அப்பரை அவள் கழுத்தில் மாட்டி, மணி அடிக்கும் வரை உட்கார வைத்தார். அதை நான் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பரில் போட்ட ஓட்டைக்குள் லேஸ் நுழைகிறதா என்று பார்க்க என் மேசையில் எப்போதும் நாலைந்து லேஸ் கிடக்கும். பி.எம். சார் கையை நீட்டினார். கறுப்பு லேஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தது நான். அவர் கேட்கக்கூட இல்லை."

கையெழுத்துப் போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மஞ்சுளா வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இதை அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று தாளை நீட்டினேன்.

"படி க்கா, கையில வேல இருக்கு" என்றாள்.

படித்தேன். அவள் விரல் நிற்கவில்லை. இலையை வெட்டுவதும் தூளை வைத்துச் சுருட்டுவதுமாக இருந்தாள். கடைசி வரிக்கு வந்தபோது மட்டும் நிறுத்தினாள்.

"கறுப்பு இல்ல க்கா. பிரவுன்."

பையில் பேனா இருந்தது. கறுப்பை அடித்துவிட்டுப் பிரவுன் என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, தாளை வாங்கி முறத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.